கழுவிக் கொண்டு வந்த கேரியர்

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட உதவியை என்னால் செய்ய முடியாது. இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூடத் தயங்குகிறவள் நான். அதனால்தான் எழுதுகிறேன். கம்பெனியில் எடுத்த பரிசோதனையில் உன் ரத்தத்தில் கொழுப்பு மிக அதிகமாக இருக்கிறது என்று சொன்னாய். உன் நைனா எப்படி இறந்தார் என்று கேட்டறிந்த டாக்டர், இது குடும்பத்தில் வருவதாக இருக்கலாம், வயதைப் பார்க்காமல் இப்போதே மாத்திரை தொடங்கு என்று சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் ஏதோ பஸ் தாமதமாக வந்ததைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, "சித்தி, பொண்ணு வூட்ல மட்டும் சொல்லாதீங்க. தையில கல்யாணம் முடியட்டும், அப்புறம் நான் பாத்துக்கறேன்" என்றாய். நானும் "சரிப்பா" என்றேன். அன்று எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து உன் பெரியம்மாவைப் படையலுக்கு அழைக்கப் போனேன். அங்கே கேட்டதற்குப் பிறகு, நான் சொன்ன அந்தச் "சரி"யைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

உன் அம்மா இறந்த மறு வருஷம் நான் அந்த வீட்டுக்கு வந்தேன். உனக்கு ஒன்பது வயது. காவாந்தண்டலத்தில் எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேதியியல் படித்த பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று என் அப்பாவுக்குத் தெரியவில்லை. உத்திரமேரூரில் உரக்கடை வைத்திருந்த, மனைவியை இழந்த உன் நைனா கேட்டு வந்தபோது கொடுத்துவிட்டார். முதல் நாள் நீ கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "இவங்கள இன்னான்னு கூப்பிடணும்?" என்று உன் நைனாவைக் கேட்டாய். "சித்தின்னு கூப்புடு" என்றார். உன் அம்மாவின் அக்கா, உன் பெரியம்மா, என் கையைப் பிடித்து, "செத்துப்போனவ எனக்குத் தங்கச்சி. இனிமே நீதான் அந்தத் தங்கச்சி" என்றாள். அந்தக் கையை நான் முழுக்க நம்பினேன்.

புருஷன் இருக்கும்போதே போய்ச்சேர்ந்த பெண் நம் வீடுகளில் பூவாடைக்காரி ஆகிவிடுகிறாள். புடவை வைத்து, பூ வைத்து, அவளுக்குப் பிடித்ததை இலையில் வைத்துப் படைக்காமல் அந்த வீட்டில் ஒரு கல்யாணமும் நடக்காது. மற்ற வீடுகளில் வருஷத்துக்கு ஒருமுறை செய்வதை உன் பெரியம்மா வெள்ளிக்கிழமைதோறும் தன் வீட்டில் செய்தாள். உன் அம்மாவுக்கு மசால் வடை உயிராம். படத்துக்கு முன்னால் வடை வைத்துப் படைப்பாள், உன் நைனா போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார், சில வாரம் நீயும் போவாய். நான் ஒருமுறைகூடப் போனதில்லை. அங்கே என்னைப் பார்த்தால் உனக்கு உன் அம்மாவைக் கும்பிடக் கூச்சமாக இருக்கும் என்று நானே ஒதுங்கிக்கொண்டேன். யாரும் என்னை அப்படி ஒதுங்கச் சொல்லவில்லை. அவளுக்கென்று ஒரு நாளாவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

நீ ஆறாவது படிக்கும்போது, மூட்டை தூக்கினால் உன் நைனாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். ரத்தக்குழாயில் கொழுப்பு படிய ஆரம்பித்திருக்கிறது என்றார். ஆட்டுக் கொழுப்பு, வனஸ்பதி, காய்ச்சிய எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பொரித்தது, இவை மூன்றும் கூடாது. வீட்டில் எண்ணெயைக் குறையுங்கள், ஏரி மீன் கிடைத்தால் வறுக்காமல் குழம்பு வையுங்கள் என்றார். ஒரே எண்ணெயை மறுபடி மறுபடி சூடாக்கினால் அது வேறொரு பொருளாக மாறிவிடும் என்பது கல்லூரியில் படித்ததுதான். நான் படித்த படிப்பு ஒருவர் உயிருக்குப் பயன்படப்போகிறது என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது. அன்றிலிருந்து நம் வீட்டில் வாணலி காய்ந்தது இல்லை. சுரைக்காய்க் கூட்டு, கீரை மசியல், மீன் குழம்பு, அவித்த பயறு என்று சமையல் மாறியது. உன் நைனாவின் சொந்தக்காரர்கள் வந்தால் ஒரே கேலி. "டிகிரி படிச்சவ சமையலு கண்ணுக்குத் தெரியும், நாக்குக்குத் தெரியாது" என்று உன் அத்தை ஒருமுறை சொன்னபோது பந்தியே சிரித்தது. உன் நைனா மட்டும் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. "இன்னாம்மே, நல்லாதான் கீது. ஒடம்பு லேசா கீது பாரு" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அடுத்த நாளும் விடியலில் எழுந்து கேரியர் கட்டினேன்.

அந்தக் கேரியரைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும். காலையில் அது உன் நைனாவோடு கடைக்குப் போகும். சாயங்காலம் பள்ளி விட்டு வரும் வழியில் நீ எடுத்து வருவாய். அடுக்குகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வரிசை மாறாமல் பொருத்திக் கொண்டு வருவாய். "ஏம்ப்பா நீ கழுவினே?" என்று முதல் நாள் கேட்டேன். "உங்களுக்கு வேலை மிச்சம் சித்தி" என்றாய். நான் சமையலறைக்குள் போய் அழுதேன், தெரியுமா. என் அம்மாவுக்குப் போன் செய்து, பெத்த பிள்ளை செய்யுமா இதை என்று சொன்னேன். யாராவது என்னை மாற்றாந்தாய் என்று ஜாடையாகப் பேசினால், மனசுக்குள் அந்தக் கேரியரை எடுத்துப் பார்த்துக்கொள்வேன். பளபளவென்று இருக்கும்.

ஒரு வருஷம் கழிந்தும் உன் நைனாவின் ரத்தத்தில் கொழுப்பு இறங்கவில்லை, கூடியிருந்தது. டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வீட்ல நெஜமாவே எண்ணெயக் கொறச்சிட்டீங்களாம்மா?" என்றார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. வெளியாள் ஒருவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான். "நான்தான் சார் சமைக்கிறேன். மூணு வேளையும் என் கைச் சாப்பாடுதான். மத்தியானத்துக்கும் வூட்ல இருந்துதான் போகுது. எண்ணெய நானே அளந்து ஊத்தறேன்" என்றேன். பக்கத்தில் உன் நைனா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "ஆமா சார், வெளியில பச்சத் தண்ணிகூடக் குடிக்கறதில்ல" என்றார். டாக்டர் என்னை நம்பினார். இவ்வளவு பத்தியம் இருந்தும் இறங்கவில்லை என்றால் உடம்பே உண்டாக்குகிற கொழுப்பு என்று முடிவு செய்து மாத்திரையைக் கூட்டினார். அந்த முடிவுக்கு என் வாய்ச்சொல் ஒன்றுதான் ஆதாரம். திரும்பி வரும்போது ராஜகுளத்தில் பஸ் நின்றது. உன் நைனா இறங்கிப் போய் எனக்கு மல்லிப்பூ வாங்கி வந்தார். பூவெல்லாம் வாங்கிக் கொடுக்கிற ஆள் இல்லை அவர். காரணம் கேட்கத் தோன்றவில்லை. தலையில் வைத்துக்கொண்டேன்.

அவர் விழுந்த அன்று நீ கல்லூரியில் இருந்தாய். கடையில் ஒருவரிடம் யூரியா எப்போது வரும் என்று சொல்லிக்கொண்டே சரிந்திருக்கிறார். பேச்சு பாதியில் நின்றது. மார்பைப் பிடித்துக்கொள்ளவில்லை, வலிக்கிறது என்று சொல்லவில்லை. வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். ஒருவர் சோடா உடைத்தார், ஒருவர் அட்டையால் விசிறினார். எதிரே இரும்புக்கடை வைத்திருக்கும் பாய் தன் வண்டியில் போட்டுக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்த பிறகு ஒரு சின்ன வயது டாக்டர் எனக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அடைப்பு ஏற்கெனவே இருந்திருக்கும். அப்படிப்பட்ட இதயம் சில நேரம் ஒழுங்கு தவறித் துடித்து, முன்னறிவிப்பு இல்லாமல் அப்படியே நின்றுவிடும். விழுந்த உடனே மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டே இருந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கலாம் என்றார். கூட்டமாக நின்றவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது. எனக்கும் தெரியாது.

சாவு வீட்டில் பெண்கள் பேசியதை நீ கேட்டாய். நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன், நீ வாசல்படியில் நின்றிருந்தாய். "நாக்குக்கு ருசியா ஒருவேள துன்னாம போய்ட்டானே. எண்ணெயில்லாம காயப்போட்டே ஆளக் கொன்னுட்டா" என்று உன் அத்தை மாரில் அடித்துக்கொண்டாள். நான் தலையைத் தூக்கி உன்னைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்தாய். டாக்டர் அறையில் செருப்பைப் பார்த்த உன் நைனாவின் முகம் அப்படியே உனக்கு இருந்தது. பெரியம்மா வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "நீ இன்னாடி பண்ணுவே தங்கச்சி, நீயும் பாத்துப் பாத்துத்தான செஞ்சே" என்றாள். அந்த ஆறுதலுக்காக இத்தனை வருஷம் அவளுக்கு நன்றியோடு இருந்திருக்கிறேன்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். வெற்றிலை பாக்கு பூவோடு பெரியம்மாவின் வடைக் கடைக்குப் போனேன். உன் நைனாவின் கடை இருந்த இடத்திலிருந்து நாலு கடை தள்ளித்தானே. அடுப்பில் வாணலி கொதித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் கறுப்பாக, கெட்டியாக இருந்தது.

"வா தங்கச்சி, குந்து. சூடா ரெண்டு துன்னு."

"வேணாங்க்கா."

"தெரியுமே. எண்ணெயக் கண்டா பேயக் கண்ட மாரி ஓடுவே" என்று சிரித்துக்கொண்டே, ஒரு புது பாக்கெட்டைக் கடித்து அந்தக் கறுப்பு எண்ணெயின் மேலேயே ஊற்றினாள்.

"பழசக் கொட்டிட்டு ஊத்தக்கூடாதாக்கா?"

"கொட்டறதா? நல்லாக் கேட்டே போ. இந்த ருசிக்குத்தான உன் வூட்டுக்காரரு தெனம் வந்து நின்னாரு."

"வெள்ளிக்கிழமைதானே வருவாரு?"

"வெள்ளிக்கிழம படையலுக்கு. மத்த நாளு பகல் சோத்துக்கு. பின்ன, உன் கேரியர நம்பியா உசுரு வச்சிக்கினு இருந்தாரு? கறி எடுத்தா கொழுப்பத் தனியா வறுத்து எடுத்து வச்சிடுவேன். அத வடையோட வச்சித் துன்னா அவருக்குப் போதும், ராஜா மாரி ஏப்பம் வுடுவாரு."

"அப்ப என் கேரியர்?"

"அவரு கட லோடுமேன் துன்னுடுவான். 'அக்கா சமையலு நல்லாத்தான் கீது'ன்னு சப்புக்கொட்டுவான். அவன் வராத நாள்ல நாய்க்குப் போட்டுடறது. அவன் இன்னிக்கும் கல்லு மாரி கீறான், பாத்தியா?"

நான் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "பையனுக்குத் தெரியுமாக்கா?"

"அவனுக்குத் தெரியாமயா? அவன்தான கழுவுவான். தோ, இந்தக் கொழாயிலதான். சாயங்காலம் வந்து நாலு போண்டா துன்னுட்டு, கேரியர சோப்புப் போட்டுக் கழுவி எடுத்துக்கினு போவான். 'சித்திக்கு வாசன வந்துடும் பெரிம்மா'ன்னு வாயகூடச் சோப்புப் போட்டுக் கழுவுவான். நைனா சொல்லி வச்சிட்டாரு, அப்புறம் அந்த வாயத் தொறக்கணுமே! அவ்ளோ சமத்து."

"ஏங்க்கா, ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

அவள் முகம் மாறியது. "இன்னா சொல்றது? ஆசையாத் துன்றாரு மனுஷன், துன்னுட்டுப் போறாருன்னு வுட்டேன். என் தங்கச்சி படத்துக்கு முன்னால வச்சதத்தான குடுத்தேன். நான் இன்னா வெஷத்தையா குடுத்தேன்?"

"இல்லக்கா" என்றேன். வெற்றிலையைக் கொடுத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். வந்ததும் பரணிலிருந்து அந்தக் கேரியரை இறக்கி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வடைதான் அவரைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. உனக்கும் இப்போது ரத்தத்தில் அதே கொழுப்பு வந்திருப்பதைப் பார்த்தால், அந்த டாக்டர் உடம்பைச் சந்தேகப்பட்டதும் சரியாகத்தான் இருக்கும். பிறப்பில் வந்ததன் மேல் தினமும் தட்டில் வந்ததும் சேர்ந்திருக்கும். எது எவ்வளவு என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய நேரத்தில், தெரிந்துகொள்ள வேண்டியவரிடம் பொய் போய்ச் சேர்ந்தது. அந்தப் பொய்யைச் சொன்ன வாய் என்னுடையது. எல்லோருமாகச் சேர்ந்து என் வாயைப் பயன்படுத்திக்கொண்டீர்கள். உன் நைனா வடை வேண்டும் என்று என்னிடம் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், பிறகு புது எண்ணெயில் என்றைக்காவது இரண்டு சுட்டுக் கொடுத்திருப்பேன். எனக்கு அந்தச் சண்டையைக்கூட அவர் கொடுக்கவில்லை. நல்லாதான் கீது என்று சொல்லிச் சொல்லி என்னை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்.

நீ சின்னப்பிள்ளை, நைனா சொன்னதைச் செய்தாய். அதற்காக உன்மேல் கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்று இந்த நாலு நாளாக எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். கேரியரைக் கழுவிய பையனிடம் ஒருவேளை என் கோபம் தீர்ந்துவிடும். வாசல்படியில் நின்றவனிடம் தீரவில்லை. அன்று உனக்குப் பதினெட்டு வயது. காயப்போட்டுக் கொன்றவள் என்று என்னைச் சொன்னபோது, அவர் காயவில்லை என்று அந்த வீட்டில் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். இன்னொருவன் தரையைப் பார்த்தான். அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு நான் இன்றுவரை எந்த வீட்டுப் பந்தியிலும் பரிமாறப் போனதில்லை என்பதாவது உனக்குத் தெரியுமா?

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். நேற்று, நீ கட்டிக்கொள்ளப்போகும் அந்தப் பெண் தாமலிலிருந்து எனக்குப் போன் செய்தாள். என்னைவிடக் கூச்சப்படுகிறாள். கொஞ்ச நேரம் எதையெதையோ பேசிவிட்டு, "அத்த, அவருக்கு இன்னா புடிக்கும்? இப்பவே கத்துக்கறேன்" என்றாள். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். அவளை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அவளும் ஒருநாள் ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்து, என் கைச் சாப்பாடுதான் சார் என்று சத்தியம் செய்வாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து செருப்பைப் பார்ப்பாய்.

மாத்திரையைத் தொடங்கிவிடு, கல்யாணம் வரை தள்ளாதே. என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்பதை டாக்டரிடம் அவளையும் கூட்டிக்கொண்டு போய்க் கேள். வடை சாப்பிட்டே ஆக வேண்டும் என்று தோன்றுகிற நாளில் அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடு, அவள் திட்டட்டும். உன் கம்பெனியில் மார்பை அழுத்தும் முறையைச் சொல்லித்தருகிறார்கள் என்றாயே, அதை அவளும் நானும் கற்றுக்கொள்ள வேண்டும். உனக்கு அது நடக்காமலே போகட்டும். நடந்தால் சாவிக்கொத்தைத் தேடிக்கொண்டு நிற்க மாட்டோம்.

வரும் வெள்ளிக்கிழமை பூவாடைக்காரி படையல் நம் வீட்டில்தான். இந்த முறை வடையை நானே சுடுகிறேன், புது எண்ணெயில். உன் அம்மாவுக்குப் பிடித்ததை இல்லை என்று சொல்ல நான் யார். அந்தப் பெண்ணும் அவள் வீட்டாரும் வருகிறார்கள். நீ வியாழக்கிழமையே வந்துவிடு. வந்து, உன் ரத்தத்தில் இருப்பதையும் உன் நைனா எப்படி விழுந்தார் என்பதையும் உன் வாயால் அவளிடம் சொல். அதன் பிறகும் அவள் உன்னைக் கட்டிக்கொள்வாளா என்பது அவள் முடிவு. நீ சொல்லாவிட்டால் இலை போடுவதற்கு முன்னால் நான் சொல்வேன். சபையில் வாய் திறந்து பழக்கமில்லாதவள்தான். அன்று திறப்பேன்.

உன் அம்மா இலைக்குப் பக்கத்தில் உன் நைனாவுக்கும் ஒரு இலை போட வேண்டும். போனவருக்குப் பிடித்ததைத்தான் வைக்க வேண்டும் என்பது முறை. அவர் போனதிலிருந்து ஒவ்வொரு வருஷத் திதிக்கும் நான் சுரைக்காய்க் கூட்டும் கீரை மசியலும் செய்து, அவருக்குப் பிடித்தது என்று சொல்லிக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். நீயும் பக்கத்தில் நின்று கும்பிட்டாய். அவருக்கு என்னவெல்லாம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். வியாழக்கிழமை வரும்போது ஒன்று விடாமல் சொல், சமைத்து வைக்கிறேன்.